ஆமாம் ஐயா, கல்யாணக் கதைதான்

இலக்கியக் கூட்டத்து மேடையில் ஐயா ஒருவர் பேசிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "விக்டோரியா காலத்துப் பெண்கள் எழுதியதெல்லாம் மாப்பிள்ளை தேடும் கதைதானே" என்றார் ஐயா. அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆறவில்லை.

ஆமாம், கல்யாணக் கதைதான். எந்தக் கல்யாணம் என்று கேளுங்கள். விக்டோரியா ராணி காலத்து ஆங்கில எழுத்தாளர் ஆன் ப்ரான்டே 'ஆக்டன் பெல்' என்ற புனைபெயரில் 1848இல் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' என்ற நாவலை எழுதினார். அதில் புருஷன் குடிகாரன். சின்னப் பிள்ளைக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்துக் கெட்ட வார்த்தையும் பழக்குகிறான். படம் வரைந்து விற்றாவது பிள்ளையோடு பிழைத்துக்கொள்ளலாம் என்று மனைவி ஹெலன் ரகசியமாகத் திட்டம் போடுகிறாள். அவளுடைய டைரியை அவன் பிடுங்கிப் படித்து, தூரிகை, வண்ணம், வார்னிஷ் அத்தனையையும் நெருப்பில் போடுகிறான். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் எண்ணெய் சீறிக்கொண்டு புகைபோக்கியில் ஏறுகிறது. அப்படியும் ஓடிப்போகிறாள். போன இடத்தில் வரையும் படங்களுக்கு வேறு ஊர்ப் பெயரைப் போடுகிறாள், அவன் தேடி வந்துவிடக் கூடாதே என்று.

இது மாப்பிள்ளை தேடும் கதையா?

அந்த நாவல் வந்தபோது இங்கிலாந்துச் சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் புருஷனுக்குச் சொந்தம். அது மாற 1870 ஆனது. ஹெலன் விற்ற படத்தின் காசுகூட அவளுடையது இல்லை. இதையும் சொல்லிச் சிரித்திருக்கலாமே ஐயா?

"கடைசியில் அவனிடமே திரும்பிப் போனாளே" என்பீர்கள். போனாள், சாகக் கிடந்தவனைக் கவனிக்க. பிள்ளை தன் பொறுப்பில்தான் என்று சாட்சி வைத்து எழுதி வாங்கிய பிறகுதான் அவன் கண்ணிலேயே பிள்ளையைக் காட்டினாள். "ஒரு நாவலை வைத்து இவ்வளவு பேச்சா" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

என் முதல் கதை பத்திரிகையில் வந்தபோது சித்தப்பா கேட்டார்: "மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தாராம்மா?" வீடே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அக்காவும் சிரித்தாள், அதுதான் இன்னும் வலிக்கிறது. ஆன் 1849இல் 29 வயதில் செத்துப்போனாள். மறு வருஷமே, அந்த நாவலைக் காப்பாற்றி வைக்க வேண்டியதில்லை என்று பதிப்பகத்துக்கு எழுதியது அவள் சொந்த அக்கா சார்லட். வெளியாட்கள் சிரிப்பதில் என்ன ஆச்சரியம்?

முன்வரிசையில் சிரித்த தோழிகளே, உங்கள் புத்தகத்துக்கும் இதே ஐயாதான் அணிந்துரை எழுதுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

"நகைச்சுவை உணர்வே இல்லையா மேடம்" என்று எழுத வருகிறவர்கள் அந்த நாவலைப் படித்துவிட்டு வாருங்கள். படிக்காமல் வந்தால் பிளாக்தான். இன்றைக்குப் பொறுமை இல்லை.