1867-க்கு முன்னால் என்ன இருந்தது?

மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். நேற்றிரவு பொது அறிவுப் புத்தகத்தை என் கையில் திணித்து, "கேளுங்கப்பா" என்றாள்.

இலங்கையில் தேயிலையை வர்த்தகப் பயிராக முதலில் நட்டவர்? "ஜேம்ஸ் டெய்லர்." ஆண்டு? "1867." தோட்டம்? "லூல்கந்துர." எத்தனை ஏக்கர்? "19." மூச்சு விடவில்லை. சரி, அதற்கு முன்னால் இந்த மலையில் என்ன இருந்தது என்றேன். "அது புத்தகத்துல இல்லப்பா."

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை மேல் இல்லை.

கோப்பி இருந்தது. 1869-இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் பூக்க ஆரம்பித்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வந்தார். இரண்டு வருடம் ஆராய்ந்து, வித்துகள் காற்றில் பறந்து நோயைப் பரப்புகின்றன, மலை மலையாக ஒரே பயிர் நிற்பது அதற்கு வசதி என்று காட்டினார். தோட்டத் துரைமார் என்ன செய்தார்கள்? கோப்பியைப் பிடுங்கிவிட்டு மலை மலையாகத் தேயிலை நட்டார்கள்!

கோப்பி அழிந்ததால்தான் டெய்லர் தேயிலை நட்டார் என்று மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர் நட்டது நோய்க்கு இரண்டு வருடம் முன்பு. பரவியதுதான் நோய்க்குப் பிறகு. இரண்டு ஆண்டும் மனப்பாடமாக இருந்தும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. (மனப்பாடம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆண்டு தெரியாவிட்டால் இந்தக் கோளாறையே பிடிக்க முடியாது.)

மலையகத் தமிழரான நம் கதையும் இதற்குள்தான் கிடக்கிறது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலையில் கொழுந்து வருடம் முழுக்க வரும். ஆளும் வருடம் முழுக்க வேண்டும், குடும்பத்தோடு வேண்டும், முக்கியமாகப் பெண்கள் வேண்டும். தொழிலாளரின் வரிசை வீடான லயம் நிரந்தர முகவரியானது. அப்படித் தங்கிவிட்டவர்களின் வாரிசுகளைத்தான் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள்.

புத்தகத்தில் டெய்லர் 'வரலாறு', ஒப்பந்தம் 'அரசியல்', பூஞ்சை 'விஞ்ஞானம்'. அதுவும் பாணில் பூக்கும் பூஞ்சை மட்டும்.

அப்புறம் நானே ஒரு கேள்வி போட்டேன்: பழைய தேயிலைத் தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில் ஏன் அத்தனை ஜன்னல்? மகள் விழித்தாள். அடுப்படியிலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது. "கொழுந்து வாடணும்ல கண்ணு, காத்து வேணாமா? பச்சையா ரோதையில போட்டா நொறுங்கிப் போயிரும்." முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். அரைபடும்போது இலைச்சாறு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் தேயிலை கறுக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை.

"ரோதைன்னா மெஷினா அப்பாயி?"

"ஆமா. அதுக்கு ஒரு சாமியே இருக்கு, ரோதமுனி."

மணி பத்தரை. காலையில் ஆறரைக்கு பஸ். அம்மா அப்போதுதான் ரோதமுனிக்குப் பூசை போட்ட கதையை ஆரம்பிக்கிறார்.