ஆஸ்கர் வைல்டைச் சிறைக்கு அனுப்பிய அரசு வழக்கறிஞரா கார்சன்?

டப்ளின் பாரிஸ்டர் எட்வர்ட் கார்சன்தான் அரசுத் தரப்பில் வாதாடி ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்குத் தண்டனை வாங்கித் தந்தார் என்று ஒரு செய்தி சுற்றிவருகிறது. தவறு. 1895இல் நடந்தவை மூன்று விசாரணைகள். கார்சன் வாதாடியது முதலாவதில் மட்டும், அதுவும் எதிர்த்தரப்புக்காக.

ஏப்ரல் 3இல் தொடங்கிய அந்த அவதூறு வழக்கைத் தொடுத்தவரே வைல்டுதான். குற்றம் சாட்டப்பட்டவர், வைல்டை ஓரினச்சேர்க்கையாளர் என்ற பொருள்பட அட்டையில் எழுதிய குயின்ஸ்பெரி பிரபு. 1843ஆம் ஆண்டு அவதூறுச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது; அதை வெளியிட்டது பொதுநலனுக்காக என்றும் நிறுவ வேண்டும். கார்சன் தலையில் விழுந்த சுமை இது. குறுக்கு விசாரணையை வயதில் ஆரம்பித்தார்: 39 என்று சொல்லியிருந்த வைல்டு, பிறந்தது 1854 அக்டோபர் 16 என்பதால் நாற்பதைக் கடந்தவர். சின்னப் பொய்தான், ஆனால் சாட்சியின் நம்பகத்தன்மை அங்கேயே ஆட்டம் கண்டது. மூன்றாம் நாள் வைல்டு தரப்பு வழக்கைக் கைவிட்டது. ஓரினச்சேர்க்கை அப்போது சட்டப்படி குற்றம் என்பதால், அன்று மாலையே வைல்டு கைதானார்.

அடுத்த இரண்டும் குற்றவியல் விசாரணைகள். ஒன்றில் அரசுக்காக வாதாடியவர் சார்லஸ் கில். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மற்றதில் அரசின் சட்ட அதிகாரியான சொலிசிட்டர் ஜெனரல் ஃபிராங்க் லாக்வுட். மே 25இல் இரண்டாண்டு கடுங்காவல். அவதூறு வழக்கில் கார்சனுக்குத் துணை வழக்கறிஞராக இருந்தவர் இதே கில். குழப்பம் இங்கிருந்து கிளம்பியிருந்தால் வியப்பில்லை.

கார்சனைச் சிலர் ‘லண்டன் வழக்கறிஞர்’ என்று சொல்வதும் அரைகுறைதான். கார்சன் அயர்லாந்தில் பாரிஸ்டரானது 1877இல், இங்கிலாந்தில் 1893இல்தான்.