நிலத்துக்குப் பன்னிரண்டு, உடம்புக்கு மூன்று

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்கள் அந்தக் காணொளித் துண்டைப் பார்த்திருப்பீர்கள். "இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்களாம்?" என்று, சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகி வருஷங்கள் கழித்து இழப்பீடு கேட்டு வருபவர்களைப் பற்றி, மேடையிலிருந்த மூத்த வழக்கறிஞர் கேட்டார். அவர் கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அரங்கம் சிரித்தது, பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

அங்கேயே எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். மைக் கைக்கு வந்தபோது குரல் வரவில்லை. இரண்டு நாள் கழித்து இங்கே எழுதுகிறேன். என்னுடைய பதில் இன்னும் காலாவதியாகவில்லை என்று நம்புகிறேன்.

முதலில் சட்டம். சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான ஒருவர், அதைச் செய்தவர் மீதோ, தெரிந்தும் மூடி மறைத்த நிறுவனத்தின் மீதோ இழப்பீடு கேட்டு உரிமையியல் (சிவில்) வழக்குத் தொடர வேண்டுமானால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வாசலிலேயே நிற்கிறது. 18 வயது நிறையும்வரை பொறுத்திருக்கும். அதற்குப் பிறகு அதிகபட்சம் 3 ஆண்டுகள். ஆக, 21 வயதுக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால், எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும்கூட, காலம் கடந்த வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. காலதாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாமே என்பீர்கள். அந்த வசதி மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் மட்டும்தான், முதன்முதலாகத் தொடுக்கும் மூல வழக்குக்குக் கிடையாது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்ததால் நானூறு நாள் தாமதமாகிவிட்டது என்று அரசுத் துறை மேல்முறையீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கலாம். பத்து வயதில் நடந்ததைச் சொல்ல முப்பது ஆண்டு நா எழவில்லை என்று ஒரு பெண் கேட்க முடியாது.

இதே சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். உங்கள் காலிமனையை ஒருவர் வளைத்துப் போட்டால், அதை மீட்க 12 ஆண்டுகள். அடமானம் வைத்த நிலத்தைத் திருப்ப 30 ஆண்டுகள். மோசடியால் உங்களிடமிருந்து ஒன்றை மறைத்திருந்தால், அந்த மோசடி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு. நிலம் வைத்திருப்பவருக்கு நேரம் வேண்டும் என்பது புரிந்திருக்கிறது. ஏமாந்தவருக்கு உடனே உறைக்காது என்பதும் புரிந்திருக்கிறது. ஒரு குழந்தையின் உடம்புக்கு வரும்போது மட்டும் அத்தனை புரிதலும் எங்கோ போய்விடுகிறது.

"2018இல்தான் காலவரம்பே இல்லை என்று சொல்லிவிட்டார்களே" என்று அந்தக் காணொளியின் கீழேயே ஒருவர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். ஐயா, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுக்கக் காலவரம்பு இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2018 அக்டோபரில் தெளிவுபடுத்தியது உண்மை. சென்னையில் குழந்தையாக இருந்தபோது நடந்ததை நாற்பது ஆண்டு கழித்துப் புகாராகக் கொடுக்க முயன்ற, கனடாவில் வாழும் ஒரு பெண் விஞ்ஞானியின் போராட்டம் அதன் பின்னால் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அது குற்றவியல். போக்சோ நடைமுறைக்கு வந்ததே 2012 நவம்பர் 14 அன்று. அதற்கு முன்னால் குழந்தைகளாக இருந்த எங்கள் தலைமுறைக்கு அது பொருந்தாது. நான் பேசுவது உரிமையியல் வழக்கைப் பற்றி. அங்கே யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. இழப்பீடு கொடு, உன் பதிவேடுகளைக் கொண்டுவந்து காட்டு, நடந்தது நடந்தது என்று ஒப்புக்கொள், அவ்வளவுதான்.

இனி, "என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க" என்ற கேள்விக்கு வருகிறேன்.

என் பெரியம்மா மகளைப் பற்றி, அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அக்கா 1977இல் பிறந்தவள். 1987இல் ஒரு பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. லீவுக்கு வந்தபோதெல்லாம் சாப்பிட மறுத்தாள். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டாள். பெரியம்மா கவலைப்பட்டு விடுதிக்கு இன்லண்ட் கடிதம் போட்டார். பதிலும் வந்தது: பிள்ளைக்குப் பிடிவாதம் அதிகம், கண்டிப்புக்குப் பழகினால் சரியாகிவிடும் என்று, பள்ளி முத்திரையோடு. அக்கா பழகவில்லை. பேசாமல் இருக்கத்தான் பழகினாள்.

சட்டம் அவளுக்குக் கொடுத்த கடைசி ஆண்டு 1998. அந்த ஆண்டு என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? பி.காம். முடித்துவிட்டு, மூன்று வீட்டில் ஜாதகம் போயிருக்க, மாப்பிள்ளை வீட்டார் வரும் ஞாயிற்றுக்கிழமைக்காகப் பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வக்கீல் ஆபீசுக்குப் போய் வழக்குப் போட்டிருக்க வேண்டும். தன் கையில் ஒரு ரூபாய் சம்பாத்தியம் இல்லாமல், அப்பாவுக்குத் தெரியாமல், கேட்கும் இழப்பீட்டுக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணத்தையும் கட்டி. (தமிழ்நாட்டில் 2017இல்தான் அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள், அதற்கு முன்னால் 7.5.) இதை அந்த மேடையில் சொல்லியிருந்தால் யாராவது சிரித்திருப்பார்களா என்று தெரியவில்லை. சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் வாய் திறந்தது 2019இல், தன் மகளுக்குப் பத்து வயது ஆனபோது. மகளை விடுதியில் சேர்க்கலாம் என்று மாமியார் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். அன்று வீடே இரண்டுபட்டது. அதன் பிறகு நானும் அவளும் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். நல்ல மனிதர். பிறந்த தேதியைக் கேட்டார், விரல்விட்டு எண்ணினார், "அம்மா, இது இருபத்தொரு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு" என்றார். அவளுக்குத் தொடங்கியே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எதிர்வாதங்கள் தெரியாமல் பேசவில்லை. சாட்சியம் அழிந்துவிடும், குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துபோயிருந்தால் யார் பதில் சொல்வது என்பது நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் இதே கேள்வி உயர்ந்தபட்ச நீதிமன்றம்வரை போனது. 1968இல் தன் 14ஆவது வயதில் நடந்ததாக ஒரு பெண் வழக்குத் தொடர்ந்தார். அவர் குற்றம் சாட்டிய பாதிரியார் 1996இலேயே இறந்துவிட்டார். நியாயமான விசாரணைக்கு வழியே இல்லை, வழக்கை நிரந்தரமாக நிறுத்துங்கள் என்று அவர் பணியாற்றிய லிஸ்மோர் கத்தோலிக்க மறைமாவட்டம் கேட்டது. 2023 நவம்பரில் பெரும்பான்மை நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். காலம் போனது மட்டுமே வழக்கை நிறுத்தக் காரணமாகாது. நியாயமாக விசாரிக்க முடியுமா என்பதை அந்தந்த வழக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் கேட்பதும் இதைத்தான். சாட்சியம் போதாவிட்டால் தோற்கட்டும். தோற்பதற்கு முதலில் உள்ளே விட வேண்டுமே? எங்கள் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் பதில் கடிதம் இன்னும் இருக்கிறது, முத்திரை அழியாமல்.

வழக்குகள் குவியும் என்கிறார்கள். குவியும்தான். நியூயார்க்கில் 23 வயதாக இருந்த வரம்பை 2019இல் 55 ஆக உயர்த்தி, பழைய வழக்குகளுக்காக ஒரு சிறப்புக் காலத்தைத் திறந்தார்கள். இரண்டே ஆண்டில் ஏறத்தாழ 11,000 வழக்குகள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து நீங்கள் நீதிமன்றத்தின் வேலைப்பளுவை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். நான் அத்தனை பேரும் அதுவரை எங்கே இருந்தார்கள் என்று நினைக்கிறேன். நம் சட்டத்தின் தாய்வீடான இங்கிலாந்திலும் இதே 18, இதே 3, இதே 21தான் இருந்தது. அந்த வரம்பை நீக்கச் சொல்லி, குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமையை விசாரித்த ஆணையம் 2022இல் பரிந்துரைத்தது. நீக்குவோம் என்று அரசு 2025 பிப்ரவரியில் அறிவித்தது. நாம் வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கியதை அவனைவிடப் பத்திரமாக வைத்திருப்போம் போலிருக்கிறது.

பொய் வழக்குப் போடுவார்கள் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு இன்று பொறுமையில்லை. நிலத் தகராறில் பொய்ப் பத்திரம் வராத ஊர் எது? அதற்காக 12 ஆண்டை 3 ஆக்கச் சொல்லி யாராவது எந்த மேடையிலாவது பேசியிருக்கிறீர்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை அக்காவும் வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில், எனக்குப் பக்கத்தில். சிரிப்பு எழுந்தபோது கூடவே சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். முப்பது ஆண்டுப் பழக்கம். திரும்பும்போது ஆட்டோவில், "அவர் கேட்டதுல என்னடி தப்பு, நானும் அதைத்தானே தினமும் என்னையே கேட்டுக்கிறேன்" என்றாள். வீடு வரும்வரை வேறு ஒன்றும் பேசவில்லை.

அவள் யார், எந்தப் பள்ளி என்று ஊகித்துப் பின்னூட்டம் எழுதுபவர்களை நட்புப் பட்டியலிலிருந்து நீக்குவேன். மேடையில் பேசிய அந்த வழக்கறிஞரைப் பெயர் சொல்லித் திட்டுபவர்களையும்தான். அவர் இதைப் படித்தால், அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, அனுப்பித் தருகிறேன்.