ஒரு மாதத்தில் வீக்கம் வடியாவிட்டால் மூக்கு ஆபரேஷன் தோல்வியா?

"அழகுக்காக மூக்கு ஆபரேஷன் செய்து ஒரு மாதத்தில் வீக்கம் வடியவில்லையா? கெட்டுப்போய்விட்டது, உடனே மறுபடி செய்யுங்கள்" என்று கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது.

தவறு. பெரிய வீக்கம் சில வாரங்களில் அடங்கும். நுனி முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகும், தோல் தடித்திருந்தால் அதற்கும் மேல். வடிவத்தைத் திருத்தும் மறு ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் 12 மாதமாவது பொறுக்கச் சொல்வது அதனால்தான். தினம் ஒரு செல்ஃபி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் கவலை.

சரி, எல்லாவற்றுக்கும் பொறுக்கலாமா? கூடாது. முதல் நாட்களில் வலி குறையாமல் ஏறி, இரண்டு துவாரமும் அடைத்து, உள்ளே நடுச்சுவர் மெத்தென்று உப்பியிருந்தால் அங்கே ரத்தம் கட்டியிருக்கலாம். நடுச்சுவரின் குருத்தெலும்புக்கு ஊட்டம் போவது அதைப் போர்த்திய சவ்வு வழியாகத்தான். ரத்தக்கட்டு இரண்டையும் பிரித்துவிட்டால் சில நாட்களில் குருத்தெலும்பு அழிந்து, மூக்குத்தண்டு குழிந்துவிடும். தாமதிக்காமல் வடிக்க வேண்டும். காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம், தண்ணீர் போல ஒழுகும் தெளிந்த திரவம் எல்லாம் இதே அவசரம்தான்.

ஆறின பிறகும் மூச்சில் விசில் சத்தம் கேட்டால் நடுச்சுவரில் ஓட்டை இருக்கலாம், அதையும் காட்டிவிடுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் சென்னையில் இருக்கிறாரே என்று அவசரத்தைத் தள்ளிப்போட வேண்டாம். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.