டிசம்பர் 31-க்குப் பிறகு எஞ்சும் ஒதுக்கீடு

அமெரிக்காவில் தனியார் கட்டும் குறைந்த வாடகைக் குடியிருப்புகள், சிறு தொழிற்சாலைகள், கழிவுநீர் ஆலைகள் முதலியவற்றுக்காக மாநில, உள்ளூர் அமைப்புகள் வெளியிடும் வரிவிலக்குக் கடன்பத்திரங்களை ‘பிரைவேட் ஆக்டிவிட்டி பாண்ட்’ என்கிறார்கள். இவற்றின் வட்டிக்கு மத்திய வருமான வரி இல்லாததால் கடன் மலிவாகக் கிடைக்கிறது. அதனால் ஏற்படும் வரி இழப்பு மத்தியக் கருவூலத்தின் தலையில் விழுவதால், ஒரு மாநிலம் ஆண்டுக்கு எவ்வளவு வெளியிடலாம் என்பதற்கு 1986-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் உச்சவரம்பு விதித்தது. 2025-க்கு அது தலைக்கு 130 டாலர். சிறிய மாநிலமானால் குறைந்தபட்சம் 38.878 கோடி டாலர். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு இதைக் கணக்கிட்டால் தலைக்கு ஏறத்தாழ 660 டாலர் வருகிறது. கலிஃபோர்னியாவுக்கு அதே 130 டாலர்தான்.

உச்சவரம்பைக் கூட்ட வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுதோறும் எழுகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த வரம்புக்குள் நகரங்களுக்கும் முகமைகளுக்கும் திட்டங்களுக்கும் பிரித்துத் தந்த ஒதுக்கீட்டில் எஞ்சுவதை ஒரு மாநிலம் எந்த மாதத்தில், யாரிடமிருந்து திரும்பப் பெற்று, யாருக்குத் தருகிறது என்பதே அதைவிட முக்கியமான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

சட்டப்படி, ஆண்டு இறுதியில் எஞ்சும் ஒதுக்கீட்டை மேலும் மூன்று ஆண்டுகள் வைத்திருக்கலாம். அதற்குப் பத்திரம் வெளியிடும் அமைப்பு, அடுத்த பிப்ரவரி 15-க்குள் வருமான வரித்துறைக்குப் படிவம் 8328-ஐ அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் வீட்டுக் கடன், மாணவர் கடன், வாடகைக் குடியிருப்பு என்று நோக்கங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையை எழுதிக் கையொப்பமிட்டால், பிறகு மனம் மாறினாலும் திருத்த முடியாது. வாடகைக் குடியிருப்புக்கு என்று எழுதியதை மாணவர் கடனுக்குத் திருப்ப இயலாது, இன்னோர் அமைப்புக்கும் கைமாற்ற இயலாது. சிறு தொழிற்சாலைகளுக்கான பத்திரத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஆலை முதலாளி டிசம்பருக்குள் ஆயத்தமாகவில்லை என்றால், அந்த ஆண்டின் ஒதுக்கீடு அவருக்குப் போனதுதான். மூன்று ஆண்டுகளில் பயன்படாதது காலாவதியாகிவிடும். அதை அண்டை மாநிலத்துக்குக் கொடுக்கவும் வழியில்லை.

ஆகவே டிசம்பர் வரை காத்திருந்து, மிஞ்சியதையெல்லாம் மொத்தமாக மாநில வீட்டுவசதி முகமையின் பெயரில் எழுதிவைப்பது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்றாலும் சோம்பேறித்தனமான நிர்வாகம். முகமைகள் இதற்குச் சொல்லும் காரணம், பெரிய திட்டங்களுக்குக் கையிருப்பு வேண்டும் என்பது. அது ஓரளவு உண்மை. ஆனால் கையிருப்பு எவ்வளவு, எந்த ஆண்டினது, எப்போது காலாவதியாகும் என்பதைப் பொதுமக்கள் எளிதில் பார்க்கும்படி வெளியிடாதவரை அந்தக் காரணத்தை எடைபோட முடியாது.

சில மாநிலங்கள் ஆண்டின் நடுவிலேயே கணக்குப் பார்க்கின்றன. இல்லினாயில் தன்னாட்சி உரிமை பெற்ற நகரங்கள் மே தொடக்கம் வரை தொடாத பங்கு, மாநிலத்துக்குத் திரும்பிவிடுகிறது. கொலராடோவில் உள்ளூர் அரசுகளுக்குச் செப்டம்பர் 15 வரை அவகாசம். அதற்குள் பயன்படுத்தவோ வேறோர் அமைப்புக்கு எழுதித்தரவோ வேண்டும். டெக்சஸ் குலுக்கல் முறையில் வரிசை அமைத்து, துறைவாரியாகப் பிரித்துவைத்த பங்குகளை ஆகஸ்ட் 15-இல் ஒன்றாகக் கலந்து, காத்திருப்போருக்குத் திறந்துவிடுகிறது. இம்மூன்றில் எனக்குக் கொலராடோ முறையே பிடித்திருக்கிறது. மே மாதம் சிறு நகரங்களுக்கு மிக விரைவு, குலுக்கலோ தேவையின் அளவைப் பார்ப்பதில்லை.

தேதி மட்டும் போதாது என்பதற்குக் கலிஃபோர்னியா சாட்சி. 2020-இல் அங்கிருந்து அண்டை மாநிலத்து லாஸ் வேகஸுக்குச் செல்லும் அதிவேக ரயில் திட்டத்துக்கு 60 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஆண்டு முடியும் தறுவாயில் பத்திர விற்பனை தள்ளிப்போனதால் அந்த ஒதுக்கீடு திரும்பி வந்து, வீட்டுத் திட்டங்களின் பக்கம் திருப்பப்பட்டது. திரும்பியது நல்லதுதான். ஆனால் அத்தனை மாதங்கள் அந்தத் தொகை ஒரே திட்டத்தின் பெயரில் முடங்கிக் கிடக்க, ஆயத்தமாக இருந்த குடியிருப்புத் திட்டங்கள் வரிசையில் நின்றன. பெரிய ஒதுக்கீடுகளுக்கு இடையிடையே இலக்குத் தேதிகளும், தவறினால் பறிபோகும் வைப்புத்தொகையும் இருப்பது அவசியம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் 2025 ஜூலையில் வந்த வரிச் சட்டம். குறைந்த வாடகைக் குடியிருப்பில் முதலிடுவோரின் வருமான வரியில் கழித்துத் தரப்படும் ‘4 சதவீத’ வரிச்சலுகையை முழுமையாகப் பெற, மனையும் கட்டடமும் சேர்ந்த செலவில் பாதியாவது இந்தப் பத்திரங்களால் வந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2026 முதல் வெளியாகும் பத்திரங்களுக்கு அது 25 சதவீதமாகக் குறைகிறது. 4 கோடி டாலர் கட்டடத்துக்கு 2 கோடிக்கு மேல் கேட்டவர் இனி ஒரு கோடிக்குச் சற்று மேல் கேட்டால் போதும். நெருக்கடி மிகுந்த மாநிலங்களில் இதனால் இரட்டிப்புத் திட்டங்கள் நடக்கலாம். ஆனால் திட்டங்களைத் தாங்குவதற்கு மானியமும், முதன்மைக் கடனுக்கு அடுத்தபடியாகத் தீர்க்கப்படும் இரண்டாம் நிலைக் கடனும் போதாத மாநிலங்களில், இதுவரை பற்றாக்குறையாக இருந்த ஒதுக்கீடு திடீரென மிஞ்சத் தொடங்கும். பற்றாக்குறைக் காலத்துக்கு எழுதிய விதிகளோடு அவை அந்த மிச்சத்தை எதிர்கொள்ளப் போகின்றன. மாநிலச் சட்டமன்றங்கள் செய்ய வேண்டியது, திரும்பப் பெறும் தேதியை ஆண்டு நடுவுக்குக் கொண்டுவருவதும், டிசம்பருக்குப் பின் உயிர்வாழாத தொழிற்சாலைப் பத்திரங்களுக்கு அந்த மிச்சத்தில் முதலிடம் தருவதும், படிவம் 8328-இன் நகலைக் காலாவதித் தேதியோடு ஆண்டுதோறும் வெளியிடுவதுமே.