என் பெட்டியை எனக்கே விற்றார்கள்

650 ராண்ட். என் சொந்த ஏர் ஃபில்டர் பெட்டியை, நானே தேதி எழுதிவைத்த மூடியோடு சேர்த்து, நேற்று 650 ராண்ட் கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். அதுவும் பேரம் பேசிய பிறகு. கடைக்காரர் முதலில் 750 சொன்னார்.

பழைய ஹாட்ச்பேக் வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் ஒரு மச்சான் உண்டு, அதனால் முன்கதை உங்களுக்கே தெரியும். என் மச்சான் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறான். டிசம்பர் விடுமுறைக்குத் தன் சிட்டி கோல்ஃப் காரை ஓட்டிக்கொண்டு டர்பன் வந்தான், வாசலில் நிறுத்தினான், காபி கூடக் குடிக்காமல் பானெட்டைத் திறந்தான். உள்ளே பிவிசி பைப். கூரைத் தண்ணீர் இறங்குமே, அந்த பைப்தான். வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தான். "அத்தான், கோல்ட் ஏர் இன்டேக், குளிர்ந்த காத்தை என்ஜினுக்கு இழுக்கிற பைப். நானே செஞ்சது. லெனேசியாவில் சுமாரா ஓடின வண்டி, இங்கே வந்ததும் பறக்குது பாருங்க" என்றான். நானும் ஓட்டிப் பார்த்தேன். பறக்கத்தான் செய்தது. அங்கேதான் நான் விழுந்தேன்.

மடையா, லெனேசியா கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது! அங்கே காற்றின் அடர்த்தி நம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த வண்டியானாலும் வேன் ரீனன் மலை இறங்கி இந்தப் பக்கம் வந்தால் தன்னால் பலம் ஏறும். பைப் போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும், பானெட்டுக்குள் முருங்கைக்காயைச் சொருகி வைத்தாலும் ஏறும். பெட்ரோல் பங்கில்கூட உள்நாட்டில் 93 ஆக்டேன் போட்டாலே பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும் என்பதற்குக் காரணம் இதே உயரக் கணக்குதான். இது எனக்கு எப்போது உறைத்தது? மூன்று மாதம் கழித்து, சவரம் செய்துகொண்டிருக்கும்போது. கன்னத்தில் கீறல் இன்னும் இருக்கிறது.

என் வண்டி டொயோட்டா டாஸ், 1.6 இன்ஜெக்‌ஷன். இதோ இருக்கிற ப்ரொஸ்பெக்டனில் செய்தது. 2006-ல் நிறுத்திவிட்டார்கள், இருந்தாலும் சாட்ஸ்வர்த்தில் தெருவுக்கு நாலு இன்னும் ஓடுகிறது. அந்த வண்டியில் தொழிற்சாலைக்காரன் வைத்த கறுப்புப் பெட்டிக்கு ஒரு மூக்கு உண்டு. அந்த மூக்கு ரேடியேட்டர் சூட்டை விட்டு விலகி, ஹெட்லைட்டுக்குப் பின்னால், மட்கார்டு ஓரமாகப் போய் வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அதாவது வண்டியில் கோல்ட் ஏர் இன்டேக் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. இருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு இல்லாததைத் தேடினோம் நானும் அவனும்.

என் வண்டிக்கும் அவன் பைப் மாட்டிய அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஹார்டுவேர் கடைக்கு நாலு தடவை போனோம். பைப்பில் போட்டிருக்கும் அளவு வெளி விட்டம் என்பது மூன்றாவது தடவையில்தான் அவனுக்குத் தெரிந்தது. என்ஜினுக்குக் காற்று நுழைகிற த்ராட்டில் பாடியில் பைப் நிற்கவில்லை என்று பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினான். என்ஜினிலிருந்து எண்ணெய் ஆவி வெளியே வரும் ப்ரீதர் குழாய் ஒன்று பழைய பெட்டியின் ரப்பரில் சொருகியிருக்கும், அதற்குப் புதுப் பைப்பில் இடமே இல்லை. என்ன செய்தான் தெரியுமா? என் சாக்ஸைக் கட்டினான். நல்ல சாக்ஸ். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற சாக்ஸ். அன்று முதல் காருக்குள் எண்ணெய் நாற்றம், மனைவி ஜன்னலைத் திறந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருகிறாள். அது அவள் தம்பி செய்த வேலை, ஆனால் முறைப்பு எனக்கு.

பைப்பின் வாயைப் பம்பருக்கு அடியில் இறக்கினான். "அங்கேதான் அத்தான் காத்து ஜில்லுன்னு வரும்." ஜில்லென்று தண்ணீரும் வரும்! டர்பனில்! 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த வண்டி பிறந்த தொழிற்சாலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் வேலை நின்றது, நானூறு பேருக்கு மேல் செத்தார்கள், அந்த ஊரில் இவன் என்ஜினின் மூக்கைத் தரையில் தேய்கிற மாதிரி வைக்கிறான். 1.6 என்ஜின் 3000 சுற்றில் நிமிடத்துக்கு 2,400 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கும். அது குட்டையில் வாய் வைத்தால் எப்படி உறிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்து அதோடு என்ஜின் கதை முடியும். ஜனவரி மழையில் ஒரு நாள் ஹிகின்சன் ஹைவே ஓரத்தில் இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன், கணுக்கால் அளவுத் தண்ணீருக்குப் பயந்து. மினிபஸ் டேக்சிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே என்மேல் தெளித்துவிட்டுப் போனான்.

அப்புறம் பிப்ரவரியில் பைப் தொங்கிப்போனது. பிவிசி 80 டிகிரி பக்கம் போனாலே இளகும், இவன் அதை என்ஜின் புகை சூடாக வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குச் சாமரம் வீசுகிற மாதிரி பக்கத்தில் ஓட்டியிருந்தான். போன் போட்டேன். "நறுக்கிடுங்க அத்தான், கூம்பு ஃபில்டரை உள்ளேயே மாட்டிடுங்க, அதுவும் ஒரு ஸ்டைல்தான்." நறுக்கினேன். அப்புறம் சந்தேகம் வந்து, பிராய் அடுப்பில் இறைச்சி சுடும்போது அதில் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டரை ஃபில்டர் பக்கத்தில் கட்டிப் பார்த்தேன். வெளியே 29. ரோபோட்டில், அதாவது டிராஃபிக் லைட்டில், சிவப்புக்கு நின்றபோது உள்ளே 58. கணக்குப் போட்டால் ஒன்பது சதவீதம் காற்று மெலிந்துவிட்டது. எதிர் வீட்டு மாமாவின் கை படாத டாஸில் அதே தெர்மாமீட்டர் ஓட்டத்தில் 34 காட்டியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

சத்தம் மட்டும் வந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைப் பெரியவர் இலையில் பாயசத்தை உறிஞ்சுகிற சத்தம். பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது நான் உறிஞ்சிக்கொண்டே ஏறுகிறேன், வாழைத்தார் ஏற்றிய பக்கி, அதுதான் பிக்கப் வண்டி, ஒன்று அமைதியாக என்னைத் தாண்டிப் போகிறது.

சரி, போதும், பழைய பெட்டியை மாட்டிவிடுவோம் என்று கராஜில் தேடினேன். இல்லை. போன். "அதுவா? தெருவில் பழைய சாமான் எடுக்கிற பக்கி வந்துச்சு, உங்க பழைய பேட்டரியோட சேர்த்துக் கொடுத்துட்டேன் அத்தான். இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சே." பேட்டரிக்குக் காசு வாங்கினாயாடா என்று கேட்டேன். கொஞ்சம் இருமினான்.

அப்படித்தான் நேற்று ஜேக்கப்ஸ் பக்கம் பழைய கார் பாகங்கள் விற்கிற ஒரு யார்டுக்குப் போனேன். மரப்பெட்டிமேல் ஒரு பெரியவர், கையில் தேநீர். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, வாசலில் நிற்கிற என் வண்டியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், கேட்கிறார்: "டாஸா? பைப்பா?"

பைப்பா என்றார்! நோயாளியைப் பார்த்ததும் சர்க்கரையா என்று கேட்கிற டாக்டர் மாதிரி. ஆமாம் என்றேன். "மச்சானா, மகனா?" மச்சான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து உள்ளே கூட்டிப் போனார். ஒரு அலமாரி முழுக்கக் கூம்பு ஃபில்டர், சிவப்பு, நீலம், ஒன்றில் தீப்பிழம்பு ஸ்டிக்கர் வேறு. எல்லாம் திருந்தி வந்தவர்கள் விட்டுப் போனது. கீழ்த்தட்டில் மூன்று கறுப்புப் பெட்டிகள். ஒன்று உடைந்தது, ஒன்று 1.3-க்கு உரியது, மூன்றாவதை எடுத்துத் துணியால் துடைக்கிறார். துடைக்கத் துடைக்க மூடியில் வெள்ளை மார்க்கரில் எழுத்து தெரிகிறது. ஃபில்டர் மாற்றிய தேதி, கிலோமீட்டர், பக்கத்தில் என் மகள் மூன்று வயதில் கிறுக்கிய பூனை.

"ஐயா, இது என் பெட்டி."

"750, தம்பி."

"இல்லை ஐயா, இது என்னுடைய பெட்டி. இது என் எழுத்து. இது என் மகள் போட்ட பூனை."

அவர் கண்ணாடியை ஏற்றிப் பூனையை நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் வரைஞ்சிருக்கா" என்றார். "நான் காசு கொடுத்து வாங்கினது தம்பி. இந்த வண்டிக்குப் பெட்டி இப்போ கிடைக்கிறதில்லை. எல்லாரும் மச்சான் பேச்சைக் கேட்டுத் தூக்கிப் போட்டுட்டீங்க." நியாயம்தான், அந்த நியாயம்தான் வயிற்றை எரிக்கிறது. பூனைக்காக நூறு குறைத்தார். பெட்டியைக் கையில் வாங்கிய பிறகு பார்க்கிறேன், மூக்கு இல்லை. மூக்கு தனி. 200. மூடியை அழுத்திப் பிடிக்கும் நாலு கிளிப்பில் இரண்டுதான் இருக்கிறது. கிளிப் ஒன்று 40. என்னுடைய கிளிப்! ரப்பர் குழாய் வேண்டுமா என்றார், எவ்வளவு என்று கேட்கவே பயமாக இருந்தது, கேட்டேன், 180, வாங்கினேன், ப்ரீதர் சொருகும் இடம் அதில்தானே இருக்கிறது. கூம்பு ஃபில்டரை இங்கேயே விட்டுப் போகிறீர்களா என்றார். 350 கொடுத்து வாங்கியது, நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்றேன். அலமாரியைக் காட்டினார். அப்போதுதான் நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் கிரீஸ் படிந்த தரையில் நின்று கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தோம், அவர் எனக்கு ஒரு தேநீர் கொடுத்தார், அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.

இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டேன். வண்டி பேசாமல் ஓடுகிறது. ப்ரீதரிலிருந்து சாக்ஸையும் அவிழ்த்தாயிற்று, அதைத் துவைக்கலாமா என்று கேட்டதற்கு மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். திரும்பி வரும் வழியில் பசித்ததே என்று ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி சௌ வாங்கினேன், கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தருவார்களே, அதுதான். ரொட்டிக்குள் விரலை விடுகிறேன், உருளைக்கிழங்கு. இன்னொன்று, உருளைக்கிழங்கு. அடியில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது, எலும்பு, ஒன்றே ஒன்று, அதில் இறைச்சி ஒட்டியிருந்ததற்கான அடையாளம்கூட இல்லை. கடைக்காரரிடம் மட்டன் எங்கே என்று கேட்டேன். "கிரேவியில் இறங்கிடுச்சு அண்ணே" என்கிறார். எந்த ஊர் நியாயம் இது? மட்டன் விலை வாங்கிக்கொண்டு, கேரட் சம்பல்கூட ஒரு ஸ்பூனுக்கு மேல் வைக்காமல்,