"ஆர்ட்ஸ் படிச்சா என்ன வேலை, மாமி?"

ஓ.எல் பெறுபேறு வந்த கையோடு அண்ணாவின் மகள் வட்ஸ்அப்பில் கேட்ட கேள்வி இது. "மாமி, ஏ.எல்லுக்கு ஆர்ட்ஸ் எடுக்கப் போறன். ஆர்ட்ஸ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" இரண்டு வரியில் பதில் போடலாம் என்று தொடங்கினேன். மூன்று நாளாகியும் முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் வாசியுங்கள்.

முதலில் அவள் எழுதியதையே பாருங்கள். "எடுக்கப் போறன்" என்கிறாள். எடுக்கிறதுக்கு அங்கே வேறென்ன இருந்தது? அவள் படிப்பது 1சி பாடசாலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1ஏபி என்றால் கணிதம், விஞ்ஞானம் உட்பட உயர்தர (ஏ.எல்) பிரிவுகள் இருக்கும், 1சி என்றால் கலையும் வர்த்தகமும் மட்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் உயர்தரம் இருக்கிற பாடசாலை என்றாலே அனேகமாக 1சிதான். கணிதம் படிக்க ஆசைப்பட்டால் கிளிநொச்சி ரவுனுக்குப் போகவேண்டும், காலமை ஆறு மணிக்கு பஸ், பின்னேரம் ரியூசன், இருட்டின பிறகு ஏ35 வீதியில் இறங்கி ஒழுங்கைக்குள் தனிய நடந்து வரவேண்டும். ஒரு பொம்பிளைப் பிள்ளையை அப்படி விட அண்ணாவுக்கு மனமில்லை, அண்ணிக்கு அதைவிட இல்லை. பிறகு பரிசளிப்பு விழா மேடைகளில் ஏறி "எங்கள் பிள்ளைகள் ஏன் கலைப்பிரிவுக்கே ஓடுகிறார்கள்" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஓடவில்லை ஐயா, நின்ற இடத்தில் அதுதான் இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. வன்னிக்குள் இரண்டு இடத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள். பம்பைமடுவில் 2021இல் தனியாகிய வவுனியாப் பல்கலைக்கழகம், அங்கே பிரயோக விஞ்ஞானம், வியாபாரம், தொழில்நுட்பம். இரண்டு இடத்திலும் கலைப்பீடம் இல்லை. பிள்ளைகளின் கையில் கலைப்பிரிவைக் கொடுத்துவிட்டு கலைப்பீடத்தை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் மட்டக்களப்பு வந்தாறுமூலையிலும் வைத்திருக்கிறோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஓ.எல்லை, சண்டையில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து எழுதினேன், ஏ.எல்லை 2012இல் ஊரில் எழுதினேன். எங்கள் வீட்டில் எனக்கு முதல் ஒருவரும் கம்பஸ் (பல்கலைக்கழகம்) போனதில்லை. புவியியல் சிறப்புக் கலை. நாலு வருசப் படிப்பு, ஸ்ட்ரைக்குகளும் பின்தள்ளின சோதினைகளும் சேர்ந்து கிட்டத்தட்ட ஐந்து. மகாபொலப் புலமைப்பரிசில் காசு மாதம் 5000 ரூபா, அதில் அறை வாடகை போக மிச்சம் என்ன இருக்கும் என்று அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி என்னைவிடக் குறைய எடுத்த தோழி ஒருத்தி பூந்தோட்டத்தில் இருக்கிற கல்வியியற் கல்லூரிக்குப் போனாள், மூன்று வருசம், நான் பட்டம் வாங்குவதற்கு முன்னமே ஆசிரியையாகிச் சம்பளம் எடுத்தாள். அவள் போனபோது "பாவம், கம்பஸ் கிடைக்கேல்லை" என்று பரிதாபப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

2018இல் படிப்பை முடித்து ஊருக்கு வந்தால், எல்லாரும் சொன்னது ஒரே சொல்: பொறு. பட்டதாரிகளுக்கு அரசாங்க வேலை கொடுக்கிற லிஸ்ட் வரும், அதுவரைக்கும் பொறு. கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில) மேய்க்கோணும் என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள். அம்மா பென்சனைப் பற்றிக் கதைப்பார், கலியாணத் தரகர் அதைப்பற்றி அம்மாவைவிடக் கூடக் கதைப்பார். நான் இதைக் கேலியாக எழுதவில்லை. இரண்டு மூன்று தரம் வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டு ஓடின சனத்துக்கு மாதம் தவறாமல் வருகிற காசு என்றால் என்னவென்று கொழும்பில் இருந்து "தொழில்முனைவோர் ஆகுங்கள்" என்று வகுப்பெடுப்பவர்களுக்கு விளங்காது.

பொறுக்க என்னிடம் காசில்லை. நுண்கடன் கொடுக்கிற கம்பனி ஒன்றில் களஉத்தியோகத்தராகச் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய், பெண்களைக் குழுவாக இருத்தி கிழமைக் கட்டு வாங்குவதுதான் வேலை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டும், அதுவரைக்கும் ஒருவரும் எழும்பேலாது. என்னுடைய இறுதியாண்டு ஆய்வு இரணைமடுக் குளத்தின் கீழே சிறுபோகத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றியது, அதற்காக வீடு வீடாகப் போய்க் கேள்விக்கொத்து நிரப்பியிருந்தேன். இரண்டாம் மாதம் ஒரு குழுவுக்குப் போனால், நான் முன்பு ஆய்வுக்குப் போய் மணித்தியாலக் கணக்காகக் கதை கேட்ட அம்மா அங்கே இருக்கிறார். "நீங்க அண்டைக்குத் தண்ணி விசயமாக் கேட்டு எழுதின பிள்ளையெல்லே? இண்டைக்குக் காசுக்கோ வந்தனீங்க?" அவ்வளவுதான் கேட்டார், கோபமாகக்கூட இல்லை. தேத்தண்ணியும் தந்தார். அந்த வருசம்தான் வரட்சி மாவட்டப் பெண்களின் 100,000 ரூபா வரையிலான நுண்கடன் நிலுவைகளை அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தது, அதில் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இல்லை என்று வாசல் வாசலாக நின்று பதில் சொன்னவள் நான். ஏழு மாதம் தாக்குப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு கிடைத்ததுதான் நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை, கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில். வெடி தோண்டுகிற வேலை அல்ல, எந்த நிலத்தில் வெடி இருக்கலாம் என்று ஊர்ச்சனத்திடம் கேட்டுப் பதிந்து வரைபடத்தில் ஏற்றுகிற வேலை. கம்பஸில் ஜி.ஐ.எஸ், அதாவது கம்பியூட்டரில் வரைபடம் செய்கிற படிப்பு, படித்திருந்தேன், ஒரு கம்பியூட்டருக்கு நாலு பேர் இருந்துதான் என்றாலும் படித்தேன், அதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஆனால் அங்கே எனக்குக் கைகொடுத்தது ஜி.ஐ.எஸ்ஸைவிட அந்தக் கேள்விக்கொத்துப் பழக்கம். "இஞ்ச மிதிவெடி இருக்கோ?" என்று நேரே கேட்டால் சனம் "இல்லை" என்றுதான் சொல்லும். காணியை மறித்துவிடுவார்களோ என்ற பயம், பழைய கதை எதற்கு என்ற களைப்பு. "விறகுக்கு எந்தப் பக்கம் போவீங்க? எந்தப் பக்கம் போறேல்லை? மாடு கட்டுறது எங்க?" என்று சுத்தி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால், நாலாவது கேள்வியில் ஒரு அப்பு மெதுவாகச் சொல்வார், "அந்தப் பாலை மரத்துக்கு அங்கால நாங்கள் போறேல்லை பிள்ளை, முந்தி ஒரு மாடு போய்க் கால் போனது." அதுதான் தகவல். ஆரோடு எப்படிக் கதைப்பது, எதைக் கேட்காமல் விடுவது, சொன்னதை எப்படிப் பிழையில்லாமல் எழுதுவது என்பதெல்லாம் கலைப்பீடத்தில் படித்ததுதான், படிக்கும்போது அது படிப்பென்று தெரியவில்லை, அவ்வளவே.

(அந்த வேலையும் என்றென்றைக்கும் இருக்கப்போவதில்லை. 2017இல் இலங்கை மிதிவெடிகளைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, நிலத்தைத் துப்புரவாக்குவதற்கான காலக்கெடு 2028. வன்னியில் இதை நம்பி அடுப்பெரிகிற வீடுகள் ஏராளம், பாதிக்கு மேல் பெண்கள் உழைக்கிற வீடுகளாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். வெடி முடியவேண்டும்தான். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன என்று கேட்க ஆளில்லை.)

2020இல் லிஸ்ட் வந்தது. 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுக்கப் போகிறார்கள், மாதம் 20,000 ரூபா. நானும் விண்ணப்பித்திருந்தேன். என் பெயர் இல்லை. என்ன காரணம் தெரியுமோ? ஈ.பி.எவ். தனியார் வேலை செய்து எனக்கு ஈ.பி.எவ், அதாவது ஊழியர் சேமலாப நிதி, விழுந்திருந்தது, அப்படியென்றால் நான் வேலையில்லாப் பட்டதாரி அல்லவாம். என்னைப்போல விடுபட்டவர்கள் நிறையப் பேர், பிறகு மேன்முறையீடு செய்யச் சொன்னார்கள். இரண்டு வருசம் வீட்டில் இருந்து ரீவி பார்த்த என் பட்ச்காரிக்கு முதல் லிஸ்டிலேயே கடிதம் வந்தது, வெயிலுக்குள் ஸ்கூட்டி ஓடினவள் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளில் எனக்கு எரிச்சலில்லை, அவள் விளையாட்டின் விதியைச் சரியாக விளங்கியிருந்தாள். அம்மா சொன்ன "பொறு" கூடப் பிழையில்லை, அந்த விதிப்படி பொறுத்தவருக்குத்தான் பரிசு. என் கோபமெல்லாம் அந்த விதியில்தான். இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பிள்ளைகளைப் பார்த்து, வேலை செய்து பழகினால் பெயரை வெட்டுவோம், கையைக் கட்டிக்கொண்டிருந்தால் சம்பளம் தருவோம் என்று ஒரு நாடு சொன்னால், அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும்?

மேன்முறையீட்டில் எனக்கும் கடிதம் வந்தது. நான் போனேன். விருப்பமான வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த காசுக்குப் போனேன், ஒளிக்க ஒன்றுமில்லை. அம்மா அன்றைக்கு வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். ஒரு வருசப் பயிற்சி என்றார்கள், அது இன்னும் கொஞ்சம் இழுபட்டுத்தான் நிரந்தரமானது. முதல் நாள் ஒபிசுக்குப் போனால் எங்கள் மூன்று பேருக்கு ஒரு மேசை. ஆறு மாதம் வரைக்கும் எனக்கென்று ஒரு வேலை இல்லை, கையெழுத்து வைத்துவிட்டு மற்றவர்களின் பைலைத் தூக்கிக் கொடுத்தேன். இப்போது பரவாயில்லை, வேலை இருக்கிறது, சில நாட்களில் நல்ல வேலைகூட.

ஆக, மருமகளுக்கு என்ன சொல்வது?

லிஸ்டை நம்பாதே, அதுதான் முதல் விசயம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டேலாது என்று அரசாங்கமே கையை விரித்தது. அதற்குப் பிறகும் 50,000 பேரை ஒரே மூச்சில் எடுக்கிற இன்னொரு லிஸ்ட் வரும் என்று எவராவது சொன்னால், அனேகமாகத் தேர்தல் கிட்டுகிறது என்று அர்த்தம். நான் ஏறின பஸ் போய்விட்டது. ஏறினவளே இதைச் சொல்வது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான், ஆனால் உண்மை.

சிங்களம் படி. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று. என் மேசைக்கு வருகிற சுற்றுநிருபங்களில் பாதி இன்றைக்கும் சிங்களத்தில்தான் வருகிறது, அதை வாசித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைச் சுற்றித்தான் முழுக் கந்தோரும் நிற்கிறது. பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் மொழிபெயர்த்து முத்திரை குத்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேடிச் சனம் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஏறுகிறது. மூன்று மொழியும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை இந்தப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து ஒரு பிறின்ரரோடு இருந்தால் பசி கிடக்காது. ஐ.ரி படி, ஐ.ரி படி என்று எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மனிதரோடு கதைக்கிற வேலைகளையும் பார். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை, சிறுவர் உரிமை, நன்னடத்தை என்று உத்தியோகங்கள் இருக்கின்றன, வன்னியைவிட அந்த வேலைக்குத் தேவையான இடம் எங்கே இருக்கிறது? அதற்கு உளவியலோ சமூகப்பணியோ படித்திருக்க வேண்டும், தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணிப் பட்டமே தருகிறார்கள். "கம்பஸ்" என்ற சொல்லில் மயங்கி இவற்றை ஒதுக்காதே. உன் அண்ணன் அறிவியல்நகரில் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கப் போனபோது குடும்பத்தில் எத்தனை பேர் மூக்கைச் சுளித்தார்கள், இன்றைக்கு அவர்கள் வீட்டு வாகனம் நின்றுபோனால் யாருக்குக் கோல் எடுக்கிறார்கள்?

நோட்ஸை மட்டும் பாடமாக்காதே. எங்கள் கலைப்பிரிவின் உண்மையான நோய் அதுதான், ரியூசன் சேர் சொல்லச் சொல்ல எழுதி, எழுதினதை அப்படியே சோதினையில் கக்கி, மூன்று ஏ எடுத்துவிட்டு, ஒரு விண்ணப்பக் கடிதம் சொந்தமாக எழுதத் தெரியாமல் நிற்கிறோம். நேர்முகத்தேர்வுகளில் இதை நானே பார்த்திருக்கிறேன். கற்சிலைமடுவில் வன்னி அரசன் பண்டாரவன்னியன் 1803இல் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்கிற கல் நிற்கிறது, அந்தக் கல்லைத் தாண்டி நாளும் பள்ளிக்கூடம் போய் வரலாற்றில் ஏ எடுத்த பிள்ளைக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. போய் வாசி. யார் அதை நட்டது, ஏன் நட்டது என்று கேள். அதை வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இரண்டு மொழியில் சொல்லத் தெரிந்தால் அதுவும் ஒரு தொழில்தான், வழிகாட்டி அனுமதிப்பத்திரம் எடுத்துச் செய்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதி அவளுக்கு அனுப்பினேன். ஒரு மணித்தியாலம் நீலக்கோடு விழுந்தபடி கிடந்தது. வாசித்துவிட்டு அழுகிறாளோ, அண்ணியிடம் காட்டுகிறாளோ என்று எனக்கு இங்கே பதற்றம். பிறகு பதில் வந்தது.

"மாமி, புவியியல் எடுத்தா மெப் கீறோணுமே?"

கீறோணும் பிள்ளை. சனிக்கிழமை வா, என்னுடைய பழைய இரணைமடு மெப் பரணில் கிடக்கு, எடுத்துத் தாறன்.